தன்ராஜ் பிள்ளை கேட்ட பேட்டா

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் சாயங்கால நேரம் விளையாட்டுப் பையோடு பஸ்சுக்கு நிற்கிற பையன்கள் யாரையாவது பிடித்து, "எதுக்குப்பா விளையாடுற?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தியாவுக்கு ஆடணும் என்று ஒருவன் சொல்லலாம். மற்றவர்கள் சொல்வது கோட்டா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே கிடைக்கும், போலீஸ் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பக்கத்தில் நெய்வேலியிலேயே என்.எல்.சி. கிடைக்கும். விளையாட்டு என்பது வேலைக்குப் போகிற ஒரு வழி. அதுவே ஒரு வேலையாக இருக்க முடியும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. கிரிக்கெட்டைத் தவிர. (அதைப் பற்றி இங்கே பேச்சே வேண்டாம், போதும் போதும் என்கிற அளவுக்கு எல்லாரும் எழுதியாயிற்று.)

விளையாட்டையே வேலையாகச் செய்ய ஆசைப்பட்ட ஒரு ஆள் நம் மொழி பேசுகிற வீட்டிலேயே பிறந்தார். தன்ராஜ் பிள்ளை. "பெரிய ஆட்டக்காரர், ஆனா ரொம்பக் கோவக்காரர்" என்று ஒரே வரியில் முடித்து விடுவது இங்கே வழக்கம். அந்த இரண்டாவது பாதி பாதிதான் உண்மை. அவர் கோபத்தில் பெரும்பங்கு குணத்தால் வந்ததில்லை, கணக்கால் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1968 ஜூலை 16 அன்று புனே பக்கத்தில் கட்கியில் பிறந்தவர். கட்கி ஒரு கண்டோன்மென்ட் ஊர், வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள ஊர். பிழைப்புக்காக அங்கே போன தமிழ்க் குடும்பங்களில் ஒன்று இவருடையது. அப்பா நாகலிங்கம் பிள்ளை அந்தத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரிக்கிற வேலை பார்த்தார். அம்மா ஆண்டாளம்மா. வீட்டில் பையன்கள் நிறைய, காசு குறைவு. முறிந்துபோன மட்டைகளும் யாரோ வீசியெறிந்த பந்துகளும்தான் இவர்களுக்குக் கிடைத்த சாமான்கள். தொழிற்சாலை காலனியின் சேறும் சகதியுமான தரையில் ஆடிப் பழகினார்கள். தன்ராஜ் என்றால் செல்வத்துக்கு ராஜா. பேர் வைத்தவர்களுக்கு எவ்வளவு ஆசை பாருங்கள்!

எண்பதுகளின் நடுவில் அண்ணன் ரமேஷைப் பின்தொடர்ந்து பம்பாய் போனார். ரமேஷ் ஆர்.சி.எஃப். உரக் கம்பெனி அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தன்ராஜ் மஹிந்திரா அணியில் சேர்ந்தார், அங்கே ஒலிம்பிக் வீரர் ஜோவாகிம் கார்வாலோ கைப்பிடித்துக் கொண்டுபோனார். பிறகு ஏர் இந்தியா. 1989ல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். அதிலிருந்து 2004 ஏதென்ஸ் வரை பதினைந்து வருஷம், 339 ஆட்டம். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. இந்த நாலு நாலாக வேறு யாரும் ஆடியதில்லை.

எத்தனை கோல் அடித்தார்? நூற்றி எழுபதுக்கு மேல் என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் இந்திய ஹாக்கி சம்மேளனம் கோல் கணக்கை அதிகாரப்பூர்வமாக வைத்திருக்கவே இல்லை! ஒரு மளிகைக் கடைக்காரர் கூட கடன் நோட்டு வைத்திருப்பார். எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நாட்டின் சம்மேளனத்துக்கு தன் முன்னணி ஃபார்வர்டு எத்தனை கோல் போட்டார் என்று எழுதி வைக்கத் தோன்றவில்லை. சரக்கு இருப்பு தெரியாத கடையில் சரக்குக்கு என்ன மரியாதை இருக்கும்?

இப்போது ஒரு நிமிடம் வெகுதூரம் போய்விட்டு வருவோம். கனடாவுக்கு, நூறு வருஷத்துக்கு முன்னால். அங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. ஆரம்பத்தில் அதுவும் காசு வாங்காமல் கனவான்கள் ஆடுகிற ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டார்கள். 1904ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் சுரங்க ஊர்களை மையமாக வைத்து, முழுக்க சம்பளத்துக்கு ஆடும் முதல் லீக் தொடங்கியது. அதில் ஹௌட்டன் ஊர் அணிக்கு ஆடிப் பேர் வாங்கியவர் ஃப்ரெட் டெய்லர், 'சைக்ளோன்' டெய்லர் என்று பட்டப்பெயர். பறந்து பறந்து ஆடுவாராம். 1907ல் ஒட்டாவா அணி இவரைக் கூப்பிட்டது. எப்படிக் கூப்பிட்டது தெரியுமா? கொஞ்சம் பணம், கூடவே குடியேற்றத் துறையில் ஒரு அரசாங்க குமாஸ்தா வேலை! ஸ்போர்ட்ஸ் கோட்டா நம் ஊரில்தான் பிறந்தது என்று யாராவது நினைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம் :-)

ஆனால் இங்கேதான் வித்தியாசம். 1909ல் ஒட்டாவாவோடு ஸ்டான்லி கோப்பை ஜெயித்த கையோடு, ரென்ஃப்ரூ என்கிற சின்ன ஊர் அணி டெய்லருக்கு 5,250 டாலர் தருகிறேன் என்றது. இரண்டு மாத சீசனுக்கு! வெண்ணெய்ப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர் அது. சுரங்கத்தில் சம்பாதித்த ஒரு குடும்பம் ஆசைப்பட்டு பணத்தைக் கொட்டியது. டெய்லர் போய்விட்டார். ஒட்டாவாக்காரர்கள் துரோகி என்றார்கள். அவர் கவலைப்படவில்லை. பிறகு வான்கூவருக்குப் போனார், 1915ல் அங்கேயும் ஸ்டான்லி கோப்பை. அரசாங்க வேலையையும் விடவில்லை.

(இதில் ஒரு கசப்பான துணைக்கதையும் உண்டு. 1914ல் கோமகட்டா மாரு கப்பலில் 376 இந்தியர்கள் பிழைப்புத் தேடி வான்கூவர் போய், பெரும்பாலானவர்கள் இறங்க அனுமதியில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அந்தக் கப்பலில் ஏறிய குடியேற்றத் துறை அதிகாரிகளில் இந்த சைக்ளோன் டெய்லரும் ஒருவர். தன் உழைப்பை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விற்ற மனிதர், உழைப்பை விற்க வந்த பஞ்சாபிகளை வாசலில் நிறுத்திய அலுவலகத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறார்.)

டெய்லர் கதையில் முக்கியமானது அந்தத் தொகை இல்லை. அவரை வாங்க இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் குறைவாகக் கொடுத்தால் இன்னொருவரிடம் போகலாம், அதுதான் முக்கியம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே முற்றுரிமை என்று ஒரு பாடம் வரும். விற்பவர் ஒருவரே என்றால் விலை ஏறும். அதைத் திருப்பிப் போட்டால், வாங்குபவர் ஒருவரே என்றால் கூலி இறங்கும். கடலூர் மாவட்டத்தில் கரும்பு போடுகிறவர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் எந்த ஆலையின் எல்லைக்குள் வருகிறதோ அந்த ஆலைக்குத்தான் வெட்ட வேண்டும். வெட்டுகிற தேதியும் ஆலை சொல்கிற தேதி, பணம் வருவதும் ஆலை தருகிறபோது.

இந்தியாவுக்கு ஹாக்கி ஆட வேண்டும் என்றால் வாங்குபவர் ஒருவர்தான். சம்மேளனம். அதற்கு இன்னொரு வசதி வேறு. ஆட்டக்காரரின் மாதச் சம்பளத்தை ஏர் இந்தியாவோ ரயில்வேயோ இந்தியன் வங்கியோ கொடுத்துவிடுகிறது. பயிற்சி முகாம் என்று மாதக்கணக்கில் கூப்பிட்டு வைத்துக்கொண்டாலும் அவன் வீட்டில் அடுப்பு எரிவது வேறொருவர் செலவில். சம்மேளனத்தின் புத்தகத்தில் ஆட்டக்காரரின் கூலி என்ற தலைப்பே எழுத வேண்டியதில்லை. சில்லறைச் செலவுக்குப் பேட்டா கொடுத்தால் போதும். அதுவும் சமயத்தில் வராது.

தன்ராஜ் இதைச் சத்தமாகச் சொன்னார். மற்றவர்கள் அறைக்குள் முணுமுணுத்ததை அவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொன்னார். வெளிநாட்டுப் பயணத்துக்குக் கொடுக்கிற பேட்டா போதாது, ஆட்டத்துக்கான பணம் வரவில்லை என்றார். 1998 டிசம்பர் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டம் தென்கொரியாவோடு. சமனில் முடிந்து பெனால்டியில் ஜெயித்தார்கள். 1966க்குப் பிறகு, முப்பத்திரண்டு வருஷம் கழித்து வந்த தங்கம். நாடே கொண்டாடியது. அடுத்த தொடருக்கு அணி அறிவித்தபோது கேப்டனைக் காணோம்! அவரோடு கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் உட்பட மூத்தவர்கள் பலரையும் காணோம், பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கையும் காணோம். சொல்லப்பட்ட காரணம், ஓய்வு. ஜெயித்தவர்களுக்குத் தங்கத்தோடு ஓய்வையும் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். காசு கேட்டதற்குத் தண்டனை என்றுதான் அன்றைக்கு எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அப்படிப் புரிந்துகொண்டதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

ஒரு கம்பெனியில் வருஷத்தின் சிறந்த விற்பனையாளர், "சார், டி.ஏ. பில் பாக்கி இருக்கு" என்று கேட்டார் என்பதற்காக அடுத்த மாதம் வேலையிலிருந்து நிறுத்தினால் அதைக் கோபக்காரர் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தொழிலாளர் தகராறு என்பார்கள். மட்டை பிடித்த ஆள் கேட்டால் மட்டும் அது திமிர். தேசத்துக்கு ஆடுகிறவன் காசைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு உபதேசம் வேறு. பயணத்தில் கூட வருகிற அதிகாரிகள் யாரும் தேசத்துக்காகப் பட்டினி கிடந்ததாகத் தகவல் இல்லை.

இந்த 'காசு வாங்காமல் ஆடுவதுதான் உயர்வு' என்கிற எண்ணம் ஒலிம்பிக்கோடு வந்தது. அதற்கு உண்மையிலேயே விலை கொடுத்தவர்களும் உண்டு. தென்காசி ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிவரை போன டென்னிஸ் வீரர், 1960லும் 1961லும். அதற்குச் சற்று முன் ஜாக் கிராமர் என்கிற அமெரிக்கர் தன் தொழில்முறைக் குழுவுக்கு வரச்சொல்லி மூன்று வருஷத்துக்கு 1,50,000 டாலர் தருவதாகச் சொன்னார். கிருஷ்ணன் மறுத்தார். போயிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் கிடையாது. அவர் மறுத்தது பெருந்தன்மை, சந்தேகமில்லை. ஆனால் மறுப்பதற்கு முதலில் ஒருவர் எதையாவது கொடுக்க முன்வர வேண்டும். கட்கியின் மைதானக் காவலர் மகனுக்கு சம்மேளனம் மறுக்கக்கூடிய அளவுக்கு எதுவும் நீட்டவில்லை.

நீட்டியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். தன்ராஜ் ஆடிய கிளப்புகளின் பட்டியலைப் படித்தால் ஏதோ விமானக் கம்பெனியின் கால அட்டவணை மாதிரி இருக்கும். லண்டன் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் டெலிகாம் அணியும் பேங்க் சிம்பனான் அணியும், வங்கதேசத்தில் அபஹானி, ஹாங்காங்கில் கால்சா. இந்தியாவில் கைதட்டல் வாங்கிக்கொண்டு, அதே ஆட்டத்துக்கு வெளியே போய்க் கூலி வாங்கினார். இன்றைக்கு ஐரோப்பிய லீக்கில் ஆடினால் பெருமையாக எழுதுகிறார்கள். தொண்ணூறுகளில் இது ஏதோ ரகசியமாகச் செய்கிற பக்கவேலை மாதிரி பார்க்கப்பட்டது. சைக்ளோன் டெய்லர் ரயிலில் செய்ததை இவர் விமானத்தில் செய்தார், அவ்வளவுதான். இந்திய ஹாக்கியில் தன் ஆட்டத்துக்கு உலகச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது என்று ஆடிக் காட்டிய முதல் வரிசை ஆட்களில் ஒருவர் அவர். 1994 சிட்னி உலகக் கோப்பையில் உலக லெவனுக்குத் தேர்வான ஒரே இந்தியர். 2002ல் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அப்போது வயது முப்பத்து நான்கு. விலை இல்லாமல் இருக்குமா?

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்க வேண்டும். அது பலமான வாதம்தான். ஏர் இந்தியா வேலை இல்லாவிட்டால் தன்ராஜே இல்லை. அப்பா சம்பளத்தில் அந்த வீடு எத்தனை வருஷம் ஒரு பையனை மட்டையோடு அலைய விட்டிருக்க முடியும்? அரசு நிறுவனங்களின் அணிகள்தான் ஐம்பது அறுபது வருஷமாக இந்த ஆட்டத்துக்குச் சோறு போட்டன. சென்னையில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி அணிகள் இல்லாமல் தமிழ்நாட்டு ஹாக்கியை நினைத்துப் பார்க்க முடியுமா? 1980 மாஸ்கோவில் கடைசியாகத் தங்கம் வாங்கிய இந்திய அணிக்குக் கேப்டன் நம்ம வி. பாஸ்கரன் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அந்தத் தலைமுறையே இப்படித்தான் வளர்ந்தது. கோட்டா வேலையைத் திட்டுவது தின்ற சோற்றைத் திட்டுவது மாதிரி.

ஆனால் தன்ராஜ் வேலையைத் திட்டவில்லையே. வேலை கொடுத்த சம்பளத்தைக் காரணம் காட்டி ஆட்டத்துக்கான கூலியை விழுங்கியவர்களைத்தான் கேட்டார். டெய்லருக்கு குமாஸ்தா சம்பளமும் வந்தது, ஐஸ் மீது ஆடிய கூலியும் வந்தது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாக இல்லை. தன்ராஜ் விஷயத்தில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தார்கள்.

அவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. வாய் அடங்காது. வாதாட வேண்டிய இடத்தில் வெடித்தார். நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியா ஏழாவது அல்லது எட்டாவது, அதற்கு மேல் போகவில்லை. அந்த அணிகளில் அவரும் இருந்தார். 2000 சிட்னியில் போலந்தை ஜெயித்தால் அரையிறுதி. ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் கூட இல்லாதபோது போலந்து கோல் போட்டுச் சமன் செய்தது. தன்ராஜ் அழுததை நாடு டி.வி.யில் பார்த்தது. சந்தீப் மிஸ்ரா எழுதி 2007ல் வந்த அவர் வாழ்க்கை வரலாற்றுக்குப் பேரே 'ஃபர்கிவ் மீ அம்மா'. ஆங்கிலப் புத்தகம்தான், கடைசி வார்த்தை மட்டும் வீட்டு மொழியில் இருக்கிறது. 2003ல் கேப்டனாக ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரை மறு வருஷம் ஏதென்ஸுக்கு அழைத்துப்போய் பெரும்பாலும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. கேல் ரத்னா கொடுத்திருந்தார்கள், பத்மஸ்ரீ கொடுத்திருந்தார்கள். பட்டம் கொடுப்பதில் நம் நாட்டுக்குக் கஞ்சத்தனமே கிடையாது, பேட்டா கொடுப்பதில்தான்.

அவர் சொன்னது ஒரு ஆளின் புலம்பல் இல்லை என்பதற்குச் சாட்சி பின்னால் வந்தது. 2008ல் இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை, முதன்முறையாக. பழைய சம்மேளனம் போய் ஹாக்கி இந்தியா என்று புது அமைப்பு வந்தது. 2010 ஜனவரியில், டெல்லி உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், இந்திய அணி மொத்தமாகப் பயிற்சியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டது. பணம் வரவில்லை என்று. அது நடந்த ஊர் எது தெரியுமா? புனே. தன்ராஜ் சேற்றில் ஆடிப் பழகிய கட்கியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். இந்தத் தடவை மூத்தவர்கள் மட்டும் இல்லை, முழு அணியும். முழு அணியையும் ஓய்வுக்கு அனுப்ப முடியாதே! பேச்சுவார்த்தை நடத்தி ஒத்துக்கொண்டார்கள். தன்ராஜ் செய்த ஒரே பெரிய தப்பு தனியாகக் கேட்டதுதானோ என்று தோன்றுகிறது.

இரண்டாவது வாங்குபவர் வருவாரா என்று பார்த்தால், வந்தார், போனார், வந்தார். 2005ல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியது. தன்ராஜ் மராத்தா வாரியர்ஸ் அணியில் ஆடினார், சென்னை வீரன்ஸ் என்று நமக்கும் ஒரு அணி. 2008ல் மூடிவிட்டார்கள். 2012ல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி. அதில் கர்நாடகா லயன்ஸ் அணிக்காக நாற்பத்து மூன்று வயதில் தன்ராஜ் மறுபடி மட்டையைத் தூக்கினார். ஆனால் அது போட்டிச் சம்மேளனம் நடத்தியது, அங்கீகாரம் இல்லாதது, அங்கே ஆடினால் இந்திய அணியில் இடமில்லை என்று ஹாக்கி இந்தியா எச்சரித்தது. ஆலை எல்லையைத் தாண்டிக் கரும்பு போகக்கூடாது! அந்த லீக் ஒரே சீசன். பிறகு ஹாக்கி இந்தியாவே 2013ல் லீக் தொடங்கி ஏலம் போட்டது. சர்தார் சிங்குக்கு 78,000 டாலர். 2017க்குப் பிறகு அதுவும் நின்று, 2024 டிசம்பரில்தான் மறுபடி ஆரம்பித்தது. அந்த ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம் ரூபாய். தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஒரு அணி. 2025ல் ஜூனியர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

நடுவில் ஏழு வருஷம் லீக்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆட்டக்காரரின் நல்ல வயசு மொத்தமே பத்து வருஷம். 2017ல் இருபது வயதாக இருந்த ஒருவனுக்கு லீக் திரும்ப வந்தபோது இருபத்தேழு. நடுவில் அவன் எதைத் தின்றான்? கோட்டா வேலையைத்தான். ஆகவே குறுக்குரோட்டில் நிற்கிற பையன் சொல்லும் பதில் அறியாமை இல்லை. அவன் கணக்குச் சரி. திறக்கிற, மூடுகிற கடையை நம்பி யாரும் வாழ்க்கையை முதலீடு செய்ய மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கோட்டாவும் சுருங்குகிறது. தன்ராஜுக்கு வேலை கொடுத்த ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போய்விட்டது. விற்பனைப் பட்டியலில் வரிசையாக வேறு நிறுவனங்களும் நிற்கின்றன. அரசு நிறுவனம் ஒன்று தனியாருக்குப் போகும்போது சொத்து மதிப்பு, கடன், ஊழியர் எண்ணிக்கை எல்லாம் பேப்பரில் வருகிறது. அந்த நிறுவனத்தின் ஹாக்கி அணி, கபடி அணி, வாலிபால் அணியில் எத்தனை இடம் இருந்தது, அது என்னவாயிற்று என்று ஒரு வரி வருகிறதா?

நமக்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்திலிருந்து கார்த்தி செல்வம் என்று ஒருவர் கோவில்பட்டியில் ஹாக்கி பழகி, 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். 2023ல் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை ஜெயித்த அணியிலும் இருந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து அரியலூர் ஒன்றும் வெளிநாடு இல்லை. அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, அடிபட்டால் யார் செலவு, லீக் நின்றுபோனால் மிச்சப் பணம் வருமா என்றும் கேட்கப் பழகிக்கொண்டால் நல்லது. தன்ராஜ் கேட்டபோது இருந்ததைவிட இப்போது கேட்பது கொஞ்சம் சுலபம்.

கட்கியில் பேட்டா கேட்ட வீட்டின் பையன் இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார். இன்னமும் சத்தமாகத்தான் பேசுகிறார்.